தமிழ் வினைகளைக் காலமும் இடமும் மாற்றி எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்டில் தமிழ் பேசியும் எழுதப் பழகாத பிள்ளைகளுக்கும், தமிழைப் புதிதாகக் கற்கும் பெரியவர்களுக்கும் வினைச்சொல்லை வழக்கமாக ஓர் அட்டவணையில் தொடங்கிக் கற்பிக்கிறோம். நான் முதல் அவை வரை 11 எழுவாய்கள், 3 காலங்கள், ஆக 33 கட்டங்கள். ஒரு வினைக்கு அது நிரம்பிவிடும். அடுத்த வினைக்கு அதனால் பயன் இருக்காது. 'படி'க்குப் படித்தான் என்று எழுதியவர் 'நட'வுக்கு நடத்தான் என்பார். 'ஓடு'வுக்கு ஓடினான் என்று எழுதியவர் 'போடு'வுக்குப் போடினான் என்பார்.

33 கட்டங்களில் உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டியவை இரண்டுதான்: ஒரு நிகழ்கால வடிவம், ஒரு இறந்தகால வடிவம். எதிர்காலமும், எதிர்மறையும், படிக்க, படித்து என்பதுபோல வாக்கியத்தை முடிக்காமல் நிற்கும் எச்சங்களும் இந்த இரண்டிலிருந்து பிறக்கின்றன. எதிலிருந்து எதை எடுப்பது, எந்த வரிசையில் எடுப்பது என்பதைக் கீழே பார்க்கலாம். வரிசையை மாற்றினால் விதிகள் குழம்பும். ஒவ்வொரு விதியும் அதற்கு முந்தைய படியின் விடையை நம்பியே நிற்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வினையடி. 'நீ' என்று அழைப்பவரிடம் இடும் கட்டளைதான் அது: படி, ஓடு, செய், நட. பேச்சில் சில வினைகளின் கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும்: நில்லு, கேளு, சொல்லு. அதை நீக்கி நில், கேள், சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீக்காமல் விட்டால் 6-ஆம் படியில் நில்லினான், கேளினான் என்று விடை வரும். தள்ளு, எண்ணு, பின்னு ஆகியவற்றில் அந்த உகரம் வினைக்கே சொந்தம். தள்ளினான், எண்ணினான் என்று இறந்தகாலம் வருவதால் அதை அறியலாம். இவற்றில் கைவைக்க வேண்டாம்.

இரண்டாவதாக, குறிலையும் நெடிலையும் கண்டவுடன் பிரித்தறியத் தெரிய வேண்டும். 'விடு'வுக்கு ஒரு விதி, 'ஓடு'வுக்கு வேறொரு விதி. இரண்டையும் பிரிப்பது முதல் எழுத்தின் அளவு ஒன்றுதான்.

மூன்றாவது, ஓர் அகராதி. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் படிக்க, படித்து என்பதுபோல இரண்டு வடிவங்களைத் தருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் உடை-தல், உடை-த்தல் என்று தனித்தனிப் பதிவுகள் இருக்கும். '-தல்' என்றால் மெல்வினை (உடைகிறது), '-த்தல்' என்றால் வல்வினை (உடைக்கிறான்); இந்த இரு வகைகளும் 3-ஆம் படியில் விரிவாக வரும். இந்த ஒற்றைத் 'த்'தைக் கவனிக்காமல் பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடுபவர்களே அதிகம்.

2. விகுதிகளை முதலில் முடித்துவிடுங்கள்

விகுதி என்பது யார் செய்தார் என்பதைக் காட்டும் கடைசித் துண்டு. காலம் மாறினாலும் இது பெரும்பாலும் மாறாது. அதனால் ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

நான்: -ஏன்
நாம், நாங்கள்: -ஓம்
நீ: -ஆய்
நீங்கள்: -ஈர்கள்
அவன்: -ஆன்
அவள்: -ஆள்
அவர்: -ஆர்
அவர்கள்: -ஆர்கள் (அல்லது -அனர்: வந்தனர்)
அது: -அது
அவை: -அன

கடைசி இரண்டிலும் சில சிக்கல்கள் உண்டு. அவற்றை 7-ஆம் படிக்கு ஒதுக்கி வைத்து, இப்போதைக்கு உயர்திணையில் மட்டும் பழகுங்கள்.

இங்கே வரும் பிழைகள் பெரும்பாலும் எழுத்துப் பிழைகள். செய்கிறேன் என்பதைச் 'செய்கிரேன்' என்று எழுதுவது, அவளுக்குச் 'செய்கிறால்' என்று லகரம் போடுவது, செய்கிறீர்கள் என்பதில் 'றீ'யைக் குறிலாக்கிச் 'செய்கிறிர்கள்' என்பது. இன்னொன்று இலக்கணப் பிழை: 'அவர்கள் வந்தார்.' அவர் என்றால் வந்தார், அவர்கள் என்றால் வந்தார்கள். ஒருவரை மரியாதையாகச் சொல்லும் வடிவத்தைப் பலருக்கு இட்டால் வாக்கியம் நொண்டும்.

3. நிகழ்காலத்தைக் கண்டுபிடியுங்கள்: 'க்' ஒன்றா, இரண்டா?

எல்லாவற்றுக்கும் தலைவாசல் இந்தப் படிதான். வினையடியை மட்டும் பார்த்து வகையைச் சொல்ல முடியாது. 'படி' என்ற ஒரே அடியைப் பாருங்கள்:

மேசையில் தூசி படிகிறது, படிந்தது.
பையன் பாடம் படிக்கிறான், படித்தான்.

அடி ஒன்றே, வினைகள் இரண்டு. இதைப் போலவே 'உடை': கண்ணாடி உடைகிறது, அவன் உடைக்கிறான். 'கெடு': பால் கெடுகிறது, அவன் பெயரைக் கெடுக்கிறான். ஆகவே முதல் கேள்வி எப்போதும் இதுதான்: அடிக்குப் பின் 'கிற்' வருகிறதா, 'க்கிற்' வருகிறதா?

விடைகள் நான்கு வகைப்படும்.

அ) -கிற்-: செய்கிறேன், பேசுகிறேன், அலைகிறேன், விடுகிறேன். இவை மெல்வினைகள்.
ஆ) -க்கிற்-: படிக்கிறேன், நடக்கிறேன், பார்க்கிறேன், கொடுக்கிறேன். இவை வல்வினைகள்.
இ) -ட்கிற்-, -ற்கிற்-: கேட்கிறேன், மீட்கிறேன், நிற்கிறேன், விற்கிறேன், கற்கிறேன். அடியில் உள்ள ள், ல் ஆகியவை ட், ற் ஆகத் திரிந்திருக்கின்றன.
ஈ) -ண்கிற்-, -ன்கிற்-: உண்கிறேன், காண்கிறேன், தின்கிறேன், என்கிறேன்.

வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவருக்குக் காதே வழி சொல்லிவிடும். பேச்சில் மெல்வினையின் ககரம் மறைந்துவிடுகிறது: பேசுறேன், ஓடுறேன், விடுறேன். வல்வினையில் அது அழுத்தமாக நிற்கிறது: படிக்கிறேன், நடக்கிறேன். யாழ்ப்பாணப் பேச்சிலும் செய்யிறன், படிக்கிறன் என்று இதே வேறுபாடு கேட்கும். 'கேக்குறேன்', 'நிக்குறேன்' என்பவற்றில் ககரம் கேட்டாலும் அவை மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. எழுதும்போது ட், ற் வரும்.

தூக்கு, அடக்கு, இயக்கு ஆகிய வினைகளில் 'க்க்' கண்ணில் பட்டதுமே வல்வினை என்று முடிவு செய்கிறவர்கள் உண்டு. அந்த இரட்டைக் ககரம் அடியிலேயே இருக்கிறது. நிகழ்காலம் தூக்குகிறேன், அடக்குகிறேன் என்று ஒற்றைக் ககரத்துடன் வருகிறது. எனவே இவை மெல்வினைகளே. பார்க்க வேண்டியது அடிக்குப் பின்னால் வருவதை மட்டும்.

-கின்ற்- (செய்கின்றேன்) என்பதும் சரியான வடிவமே. சற்று முறையான நடை, அவ்வளவுதான். ஒரே பத்தியில் கிற், கின்ற் இரண்டையும் கலக்காதீர்கள்.

4. எதிர்காலம்: தனியாக மனப்பாடம் வேண்டாம்

3-ஆம் படியின் விடை கையில் இருந்தால் எதிர்காலம் தானாக வரும்.

-க்கிற்- என்றால் -ப்ப்-: படிக்கிறேன், படிப்பேன், பார்க்கிறேன், பார்ப்பேன்.
-ட்கிற்-, -ற்கிற்- என்றால் -ட்ப்-, -ற்ப்-: கேட்பேன், நிற்பேன், விற்பேன்.
-ண்கிற்-, -ன்கிற்- என்றால் -ண்ப்-, -ன்ப்-: உண்பேன், காண்பேன், தின்பேன்.
மற்றவை எல்லாம் -வ்-: செய்வேன், பேசுவேன், ஆள்வேன், செல்வேன்.

விதிக்கு அடங்காத வா, தா, போ போன்ற வினைகள்கூட இதில் அடங்கிவிடுகின்றன: வருகிறேன், வருவேன், போகிறேன், போவேன். அதனால் எதிர்கால வடிவங்களுக்கென்று தனி நோட்டுப் பக்கம் ஒதுக்குவது வீண்.

5. செயவெச்சம்: படிக்க, செய்ய, பேச

அடுத்தது இறந்தகாலம்தானே என்று தோன்றும். ஆனால் இதை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. இதுவும் நிகழ்காலத்திலிருந்தே கிடைக்கிறது. 7-ஆம் படியின் எதிர்காலமும் 8-ஆம் படி முழுவதும் இதை நம்பி நிற்கின்றன.

வல்வினைக்கு 'க்க': படிக்க, நடக்க, பார்க்க. மூன்றாம் வகைக்கு 'க': கேட்க, நிற்க, விற்க.

மற்ற இரண்டு வகைகளுக்கும் அடியின் கடைசி ஒலியைப் பாருங்கள்.

உகரத்தில் முடிந்தால் அதை எடுத்துவிட்டு அகரம் சேர்க்க வேண்டும்: பேச, ஓட, அழ, விட.
இ, ஐ என்று முடிந்தால் யகரம் இடையில் வரும்: அறிய, அலைய.
ஒரு குறிலும் ஒரு மெய்யுமாக இருந்தால் மெய் இரட்டிக்கும்: செய்ய, கொல்ல, உண்ண, கொள்ள. 'என்' மட்டும் 'என' என்று நிற்கும்.
மற்றபடி மெய்யில் முடிந்தால் அகரம் மட்டும்: ஆள, வாழ, சேர, வளர, காண.

செயவெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும்: படிக்கச் சொன்னார், செய்யப் போகிறேன், பேசத் தெரியும். இதைத் தொடக்கத்திலேயே கையோடு பழக்கிவிடுங்கள். ஒற்றில்லாமல் ஆறு மாதம் எழுதிய கையைத் திருத்துவது கடினம்.

6. இறந்தகாலம்: நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம்

நிகழ்காலத்துக்கு அடுத்து, உண்மையில் கற்க வேண்டிய வடிவம் இது ஒன்றுதான். இங்கும் விதிகள் உண்டு. ஆனால் விதிவிலக்குகளும் கூடவே வருகின்றன. 3-ஆம் படியில் கண்ட வகையிலிருந்தே தொடங்குங்கள்.

வல்வினைகள் (-க்கிற்-). இவற்றுக்குப் பெரும்பாலும் -த்த்-: படித்தேன், கொடுத்தேன், எடுத்தேன், சமைத்தேன், மறுத்தேன். அடி இரண்டு குறில்களாக இருந்து அகரத்தில் முடிந்தால் -ந்த்-: நட, நடந்தேன், பற, பறந்தது, திற, திறந்தேன், மற, மறந்தேன், பிற, பிறந்தேன், கட, கடந்தேன், அள, அளந்தேன். 'கன' இதற்கு விலக்கு: பை கனத்தது. மறுபுறம், உகரத்தில் முடிந்தாலும் 'இரு' இந்த -ந்த்- கூட்டத்தில் சேர்கிறது: இருக்கிறேன், இருந்தேன், இருப்பேன்.

பார், சேர், வளர் என்று ரகர மெய்யில் முடியும் வல்வினைகளில் இரண்டு தகரமும் எழுத்தில் இருக்க வேண்டும்: பார்த்தேன், சேர்த்தேன், வளர்த்தேன். 'பார்தேன்' என்று எழுதுவது பிழை. பேச்சில் ரகரம் தேய்ந்து 'பாத்தேன்' ஆகிவிடுவதால், எழுதும்போது ரகரத்தை மீட்கிறவர்கள் ஒரு தகரத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

மூன்றாம் வகை (-ட்கிற்-, -ற்கிற்-). மெய் இரட்டிக்கும்: கேட்டேன், மீட்டேன், விற்றேன், கற்றேன், ஏற்றேன், தோற்றேன். 'நில்' மட்டும் நின்றேன்.

நான்காம் வகை (-ண்கிற்-, -ன்கிற்-). ண் வந்தால் ண்ட், ன் வந்தால் ன்ற்: உண்டேன், தின்றேன், என்றேன். 'காண்' குறுகிக் கண்டேன் ஆகும். இது தனியாக ஒரு விதி அல்ல. 'த்' வருமிடத்தில் முன்னுள்ள மெய் அதைத் தன் இனமாக்கிக்கொள்கிறது.

மெல்வினைகள் (-கிற்-). கற்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். அடி எதில் முடிகிறது என்று பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ல், ள்: ல் என்றால் ன்ற், ள் என்றால் ண்ட். செல், சென்றேன், வெல், வென்றேன், பயில், பயின்றேன், கொள், கொண்டேன், ஆள், ஆண்டேன், உருள், உருண்டது. 'முயல்' இந்தக் கூட்டம்: முயல்கிறேன், முயன்றேன், முயல்வேன். 'முயற்சித்தேன்' இன்று பத்திரிகைகளில்கூடப் புழங்குகிறது. கற்பிக்கும் இடத்தில் முயன்றேன் என்றே பழக்குவது நல்லது, மற்றொன்று தானாகவே காதில் விழும். 'சொல்' விலக்கு; அது 10-ஆம் படியில் வரும்.

ய்: முன்னால் குறில் இருந்தால் -த்-, நெடில் இருந்தால் -ந்த்-. செய்தேன், பெய்தது, நெய்தேன், கொய்தேன். ஆனால் சாய்ந்தேன், பாய்ந்தது, காய்ந்தது, ஓய்ந்தது, மேய்ந்தது, தேய்ந்தது. இந்த விதியைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. 'உய்' ஒன்று உய்ந்தேன் என்று விலகும்.

ர், ழ், இ, ஐ: எல்லாம் -ந்த்-. சேர்ந்தேன், வளர்ந்தேன், வாழ்ந்தேன், தாழ்ந்தது, அறிந்தேன், எரிந்தது, அலைந்தேன், உடைந்தது.

உ: இங்கே மூன்று கிளைகள்.

முதல் கிளை: இரண்டு குறில்கள், கடைசியில் டு அல்லது று. அந்த வல்லினம் இரட்டிக்கும்: விடு, விட்டேன், தொடு, தொட்டேன், சுடு, சுட்டேன், நடு, நட்டேன், பெறு, பெற்றேன். -இடு, -படு என்று முடியும் கூட்டுவினைகளும் இப்படியே: சாப்பிட்டேன், கூப்பிட்டேன், புறப்பட்டேன், பயப்பட்டேன். நெடிலில் தொடங்கினாலும் 'போடு' இங்கே வரும்: போட்டேன். கொடு, எடு, தடு, மறு, பொறு ஆகியவற்றுக்கும் இரண்டு குறில்தான். ஆனால் அவை வல்வினைகள் என்பதால் ஏற்கெனவே கொடுத்தேன், பொறுத்தேன் என்று போய்விட்டன. 3-ஆம் படியைத் தாண்டி வருபவர்கள் 'கொட்டேன்' என்று எழுதுவது இதனால்தான். 'படு'வும் அப்படி: துன்பப்படுகிறேன், பட்டேன், பாயில் படுக்கிறேன், படுத்தேன்.

இரண்டாம் கிளை: இரண்டு குறில்கள், கடைசியில் ழு. விதி இல்லை, மனப்பாடம்தான். ஆனால் பட்டியல் சின்னது. அழுதேன், உழுதேன், தொழுதேன் ஒரு பக்கம். விழுந்தேன், எழுந்தேன் மறுபக்கம். 'புகு' புகுந்தேன், 'மிகு' மிகுந்தது என்பவற்றையும் இங்கேயே எழுதி வையுங்கள்.

மூன்றாம் கிளை: மற்ற உகர வினைகள் அனைத்தும். இவற்றுக்கு -இன்-: பேசினேன், ஓடினேன், பாடினேன், எழுதினேன், வாங்கினேன், தூங்கினேன், கூறினேன், ஏறினேன், உதவினேன், தள்ளினேன். எண்ணிக்கையில் இதுதான் பெரிய கூட்டம். பேச்சில் வேற்றுமொழிச் சொற்களோடு சேர்த்துச் சொல்லும் 'பண்ணு'வும் இதில் அடங்கும்: பண்ணினேன்.

கூட்டுவினை எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசித் துண்டை மட்டும் பாருங்கள். விளையாடு என்பதில் 'ஆடு', எனவே விளையாடினேன். கண்டுபிடி என்பதில் 'பிடி', எனவே கண்டுபிடித்தேன். ஒப்புக்கொள் என்பதில் 'கொள்', எனவே ஒப்புக்கொண்டேன். காத்திரு என்பதில் 'இரு', எனவே காத்திருந்தேன்.

7. அஃறிணை: ஒதுக்கி வைத்த சிக்கல்கள்

நிகழ்கால ஒருமையில் தொல்லை இல்லை: ஓடுகிறது, பறக்கிறது. பன்மைக்கு -கிற்- ஒத்துவராது, -கின்ற்- வேண்டும்: ஓடுகின்றன, பறக்கின்றன. 'மாடுகள் மேய்கிறது' என்பது பேச்சில் சாதாரணம், எழுத்தில் மேய்கின்றன.

இறந்தகாலத்தில் -இன்- கூட்டம் மட்டும் வேறுபடும். அது ஓடியது, அவை ஓடின. ஒருமைக்கு 'ஓடினது' என்று எழுத வேண்டாம். மற்றக் கூட்டங்களில் செய்தது, செய்தன, பறந்தது, பறந்தன, விட்டது, விட்டன.

எதிர்காலத்தில் ஒருமை, பன்மை வேறுபாடே கிடையாது. செயவெச்சத்தின் கடைசி அகரத்தை எடுத்துவிட்டு 'உம்' சேர்த்தால் போதும்: செய்ய, செய்யும், பேச, பேசும், பறக்க, பறக்கும், நிற்க, நிற்கும், வர, வரும். 4-ஆம் படியின் -வ்-, -ப்ப்- இங்கே வராது. அதை மறந்தவர்கள் 'மழை பெய்வது' என்று முடிப்பார்கள். அது தொழிற்பெயர், வாக்கியம் முடியாமல் தொங்கும். மழை பெய்யும்.

குழு, அரசு, கூட்டம் ஆகியவை மனிதர்களைக் குறித்தாலும் வினை அஃறிணையில்தான் முடியும்: குழு வந்தது, அரசு அறிவித்தது.

8. எதிர்மறை: எல்லாம் செயவெச்சத்திலிருந்து

நடந்தது, நடப்பது இரண்டுக்கும் ஒரே மறுப்பு: செயவெச்சம் + இல்லை. படிக்கவில்லை, செய்யவில்லை, பேசவில்லை. எழுவாய் எதுவானாலும் மாறாது. நான் படிக்கவில்லை, அவர்கள் படிக்கவில்லை. 'படித்தேன் இல்லை' என்று இறந்தகாலத்தோடு இல்லையை ஒட்டுவது புதிதாகக் கற்பவர்களின் வழக்கமான பிழை. காலம் காட்டும் துண்டு இந்த வடிவத்தில் இல்லை என்று சொன்னால் தெளிந்துவிடுகிறார்கள்.

எதிர்காலத்துக்கு உயர்திணையில் 'மாட்டு' சேரும், விகுதி அதன்மேல் ஏறும்: படிக்க மாட்டேன், படிக்க மாட்டாள், படிக்க மாட்டார்கள். அஃறிணைக்குச் செயவெச்சத்தின் அகரத்தை நீக்கி 'ஆது': படிக்காது, செய்யாது, நிற்காது, வராது.

அதே இடத்தில் ஆமல், ஆத, ஆதே, ஆதீர்கள் ஆகியவற்றைப் பொருத்தினால் மற்ற மறுப்புகளும் கிடைத்துவிடும்: படிக்காமல், படிக்காத, படிக்காதே, படிக்காதீர்கள்.

9. இறந்தகாலம் தரும் எச்சங்கள்

நீண்ட வாக்கியம் எழுத வேண்டுமானால் இவை இல்லாமல் முடியாது. விகுதியை எடுத்துவிட்டு உகரம் சேர்த்தால் வினையெச்சம்: செய்து, படித்து, நடந்து, விட்டு, பெற்று, நின்று. அகரம் சேர்த்தால் பெயரெச்சம்: செய்த வேலை, படித்த பாடம், நடந்த கதை. -இன்- கூட்டத்துக்கு முறையே இ, இய: பேசி, பேசிய, ஓடி, ஓடிய.

ஒற்று மிகுவது எச்சத்தின் வடிவத்தைப் பொறுத்தது. இகரத்தில் முடிந்தால் மிகும்: பேசிப் பார்த்தேன். உகரத்துக்கு முன் த்த், ட்ட், ற்ற் என்று இரட்டை வல்லினம் இருந்தால் மிகும்: படித்துக் காட்டினேன், கேட்டுப் பார்த்தேன். மெல்லினமோ இடையினமோ இருந்தால் மிகாது: வந்து போனேன், நின்று பேசினேன், செய்து கொடுத்தேன். 'வந்துப் போனேன்' என்று எழுதுகிறவர்கள் ஒரு விதியை எல்லாவற்றுக்கும் நீட்டிவிட்டவர்கள்.

தொடர்ந்து நடப்பதைச் சொல்ல இந்த வினையெச்சத்தோடு 'கொண்டிரு' சேரும்: படித்துக்கொண்டிருக்கிறேன், பேசிக்கொண்டிருந்தேன். நீளமாகத் தெரிந்தாலும் மாறுவது கடைசியில் உள்ள 'இரு' மட்டும்.

10. விதிக்கு அடங்காதவை

எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனால் அன்றாடம் வாயில் வருபவை. நிகழ்காலம், இறந்தகாலம், செயவெச்சம் என்ற வரிசையில்:

வா: வருகிறேன், வந்தேன், வர
தா: தருகிறேன், தந்தேன், தர
போ: போகிறேன், போனேன், போக
ஆ: ஆகிறது, ஆனது, ஆக
சொல்: சொல்கிறேன், சொன்னேன், சொல்ல
சா: சாகிறது, செத்தது, சாக
வே: வேகிறது, வெந்தது, வேக
நோ: நோகிறது, நொந்தது, நோக

போ, சொல் இரண்டுக்கும் வினையெச்சமும் தனி: போய், சொல்லி. இவற்றை ஒழுங்கான வினைகளுக்கு முன்பே கற்பிக்கலாமா என்று கேட்பார்கள். பேசுவதற்கு முன்பே வேண்டும்தான். ஆனால் விதி கற்பிக்கும் பாடத்தில் இவற்றை எடுத்துக்காட்டாக வைக்காதீர்கள். 'வா, வந்தேன்' என்பதைப் பார்த்து 'கா, கந்தேன்' என்று எழுதிவிடுவார்கள், சரியானது காத்தேன்.

11. பேச்சிலிருந்து எழுத்துக்கு

கேட்டு வளர்ந்தவர்களுக்கு இறந்தகாலம் ஏற்கெனவே தெரியும், வேறு ஒலியில். இ, ஐ ஒலிகளுக்குப் பின் பேச்சில் த்த் என்பது ச்ச் ஆகவும், ந்த் என்பது ஞ்ச் ஆகவும் மாறும். எழுதும்போது திருப்பினால் போதும்:

படிச்சேன், படித்தேன்
சமைச்சேன், சமைத்தேன்
உடைஞ்சது, உடைந்தது
எரிஞ்சது, எரிந்தது

திருப்பும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். செஞ்சேன், பெஞ்சது ஆகியவை செய்ந்தேன், பெய்ந்தது ஆகா. குறிலுக்குப் பின் யகரம் என்பதால் செய்தேன், பெய்தது. 6-ஆம் படியின் யகர விதி இங்கே கைகொடுக்கும். வாங்குனேன், பேசுனேன் என்பவற்றில் உள்ள உகரம் எழுத்தில் இகரம்: வாங்கினேன், பேசினேன். வந்துச்சு, ஓடுச்சு என்பவை வந்தது, ஓடியது.

12. பயிற்சி வரிசை

ஒரு வினைக்கு ஒரு வரி எழுதுங்கள். நான்கு சொற்கள் போதும். நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம், செயவெச்சம்: கவனிக்கிறேன், கவனித்தேன், கவனிப்பேன், கவனிக்க. முதல் இரண்டையும் அகராதியையோ காதையோ கேட்டு எழுதி, அடுத்த இரண்டையும் விதியால் வருவித்துப் பிறகு சரிபாருங்கள்.

தொடக்கத்தில் மூன்றாம் கிளை உகர வினைகளில் பத்து, பிறகு -த்த்- வல்வினைகளில் பத்து. இந்த இரண்டும் கை பழகிய பின் நட, பற கூட்டம். அதன் பின் விடு, பெறு கூட்டம். ல், ள், ண், ன் வினைகள் கடைசியில். ஒரே நாளில் எல்லா வகையிலும் ஒவ்வொன்றாக எடுத்தால் எதுவும் பிடிபடாது.

உடை, எரி, முடி, பிரி, மறை, சேர், வளர் ஆகிய இரட்டை வினைகளை மட்டும் தனியாக எடுத்து, தானாக நடப்பதற்கு ஒரு வாக்கியமும் ஒருவர் செய்வதற்கு ஒரு வாக்கியமும் எழுத வையுங்கள். விளக்கு எரிந்தது, குப்பையை எரித்தார்கள். வேலை முடிந்தது, வேலையை முடித்தேன். 'ஐ' உருபு ஏற்ற சொல் வந்தால் அங்கே பெரும்பாலும் -த்த்- வேண்டும் என்பது நாலைந்து இணைகளுக்குள் பிடிபட்டுவிடும். 'வேலையை முடிந்தேன்' என்ற பிழை அதன் பிறகும் தொடர்ந்தால், திருத்த வேண்டியது இறந்தகாலம் அன்று. 3-ஆம் படிக்குத் திரும்பி முடிகிறது, முடிக்கிறேன் என்ற இணையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.